மாவுப்புழுக் கழிவைச் செடிக்குப் போடலாமா?

கேள்வி: ஐயா, கோழிகளுக்குக் கொடுக்க மூன்று பெட்டிகளில் மாவுப்புழு வளர்க்கிறேன். அடியில் மணல் போல ஒரு தூள் சேர்கிறது. நல்ல உரம் என்று கேள்விப்பட்டு, தக்காளி நாற்று ஒவ்வொன்றின் தூரிலும் ஒரு கைப்பிடி போட்டுத் தண்ணீர் விட்டேன். மூன்றாம் நாள் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்து நாற்றுகள் துவண்டுவிட்டன. ஒரு பெட்டியில் புழுக்கள் கறுத்துச் சாகின்றன, நெடியும் அடிக்கிறது. கழிவில் நோய் ஏதும் இருக்குமா?

பதில்: முதலில் நாற்றைக் கவனியுங்கள். தூரில் கிடக்கும் தூளைப் பூஞ்சணத்தோடு வழித்து எடுத்துவிட்டு, நன்றாக நனைந்து வடியும்படி ஒரு முறை தண்ணீர் விடுங்கள். குருத்து பச்சையாக இருந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

நாற்றைப் பொறுத்தவரை, நோய்க்கான அறிகுறி எதுவும் நீங்கள் சொன்னதில் இல்லை. அளவுதான் கெடுத்திருக்கிறது. அந்தத் தூள் புழுவின் எச்சம். தழைச்சத்து நிறைந்தது, ஈரம் பட்டதும் வேகமாகச் சிதையும். குவியலாகக் கிடந்தால் அதிலிருந்து கிளம்பும் அம்மோனியா இளவேரைச் சுட்டுவிடும். வெள்ளைப் பூஞ்சணம் எச்சத்தையும் அதில் கலந்த தவிட்டையும் தின்ன வந்தது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இனி, நட்டு வேர் பிடித்த செடிக்கு மட்டும் போடுங்கள். நடுத்தரத் தொட்டிக்கு மாதம் ஒரு மேசைக்கரண்டி போதும். மேலே தூவி விட்டுவிடாமல் மேல்மண்ணோடு கிளறி மூடுங்கள். தூளில் கிடக்கும் உரித்த சட்டைகளைப் பொறுக்க வேண்டாம். அவற்றில் உள்ள கைட்டின் என்ற ஓட்டுப்பொருள் மண்ணுக்கு நல்லதுதான்.

சரி, சாகிற பெட்டிக்கு வருவோம். அங்கே ஈரம் ஏறியிருக்கிறது. தவிட்டுக்குள் கையை விட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டாமல் உதிர வேண்டும். கட்டி கட்டியாக வந்தால் கோளாறு. பெட்டியின் ஓரத்தில் சாம்பல் பூசியது போல இருந்து, உற்றுப் பார்க்கும்போது அது நகர்ந்தால் சிலந்திப்பேன் வகைப் பூச்சி வந்துவிட்டது என்று அர்த்தம். உயிரோடுள்ள புழுக்களைப் பொறுக்கிக் காய்ந்த புதுத் தவிட்டுக்கு மாற்றுங்கள். பழையதைத் தூக்கி எறியுங்கள், செடிக்கும் வேண்டாம். இந்தப் புழுவுக்குத் தண்ணீர்க் கிண்ணமே தேவையில்லை. கேரட் துண்டு ஒன்றிரண்டு வைத்து, மறுநாள் மிச்சத்தை எடுத்துவிட்டால் போதும். மூடியில் காற்றுத் துளை இருக்கட்டும். கூட்டுப்புழுவைத் தனிப் பெட்டியில் வையுங்கள். நகர முடியாத அதை மற்றவை கடித்துத் தின்றுவிடும்.

எச்சத்தைச் சலிப்பதற்கும் நேரம் உண்டு. புழு கூட்டுப்புழுவாகி வண்டாக மாறுவதற்கு முன், புழுக்கள் பெரிதாக இருக்கும்போதே மெல்லிய சல்லடையில் சலித்துவிடுங்கள். வண்டு வந்தபின் சலித்தால் முட்டையும் தூளோடு போய்விடும். முட்டைமேல் மாவு ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்கும் தெரியாது. சந்தேகமாக இருந்தால் தூளை இரண்டு நாள் உறைபெட்டியில் வைத்து எடுங்கள். சலிக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், இந்தத் தூசி சிலருக்கு மூச்சிரைப்பைக் கொண்டுவரும்.

தெர்மோகோலையும் இந்தப் புழு தின்னும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். தின்னும், உண்மைதான். ஆனால் அப்படி வளர்த்த புழுவைக் கோழிக்கும் கொடுக்காதீர்கள், அதன் எச்சத்தைக் காய்கறிப் பாத்திக்கும் போடாதீர்கள். அப்புறம், பெட்டிகளைத் தானிய மூட்டைகளுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். தப்பித்த வண்டு நேராக அங்கேதான் போகும்.