ஒற்றைத் தலைவலியும் மறதியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எனக்கு 38 வயது. கணக்கராகப் பணிபுரிகிறேன். ஆறு ஆண்டுகளாக ஒற்றைத் தலைவலி இருக்கிறது. முன்பு மாதத்துக்கு இரண்டு முறை வந்தது, இப்போது வாரத்துக்கு மூன்று முறை வருகிறது. வந்தவுடன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்வேன். ஓராண்டாக மறதியும் சேர்ந்துகொண்டது. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வருகிறேன். சென்ற வாரம், பத்து ஆண்டுகள் பழகிய ஒருவரின் பெயர் கூட்டத்தின் நடுவே எனக்கு வரவில்லை. என் பாட்டிக்கு முதுமையில் மறதிநோய் இருந்தது. எனக்கும் அதன் தொடக்கம்தானோ என்று இரவுகளில் அஞ்சுகிறேன். வீட்டிலோ, "தலைவலிதானே" என்கிறார்கள். உங்களுக்கும் இந்த வலி உண்டு என்று எழுதியிருந்தீர்கள். எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்கும் வலி. ஒரே வரியை மூன்று முறை படித்தும் பொருள் பிடிபடாமல் மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து எடுத்தபோது, ஏற்கெனவே அதைப் படித்திருந்தேன் என்பதே நினைவில் இல்லை. உங்கள் அச்சத்தை நான் வெளியிலிருந்து பார்க்கவில்லை என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறேன்.

நான் மருத்துவன் அல்லன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வலியோடு வாழ்ந்தும், அதைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தும், மருத்துவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். என்னைக் கேட்டால், உங்களுடைய மறதியில் பெரும்பகுதி மறதியே அல்ல. அடுப்பைத் திருகியபோது உங்கள் கை அங்கே இருந்தது, கவனம் அங்கே இல்லை. கண்ணைக் கூசும் வெளிச்சத்திலும் நெற்றிப்பொட்டின் துடிப்பிலும் அது மாட்டிக்கொண்டிருந்தது. மனத்தில் பதியாத ஒன்றைப் பிறகு எப்படித் தேடினாலும் கிடைக்காது. வலி வரும் நேரத்தில் கவனமும் சிந்தனையின் வேகமும் நினைவில் நிறுத்தும் திறனும் குறைவது இந்த நோயின் இயல்பு. வலி தணிந்தபின் அவை மீள்கின்றன.

"ஆனால் வலி இல்லாத நாளிலும் மறக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். கணக்கராகிய உங்களிடம் ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஒற்றைத் தலைவலி என்பது வலிக்கும் நேரம் மட்டும் அன்று. வலி தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே, சிலருக்கு இரண்டு நாள் முன்பே, கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, எரிச்சல், கவனச் சிதறல் என்று அறிகுறிகள் தோன்றிவிடும். மருந்தில்லாமல் விட்டால் வலி 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கும். அது போனபின்னும், ஒரு நாளோ இரண்டு நாளோ தலைக்குள் பஞ்சை அடைத்ததுபோன்ற மந்தம் இருக்கும். இத்தனையும் வாரத்துக்கு மூன்று முறை என்றால், ஏழு நாளில் தெளிவான நாள் உங்களுக்கு எத்தனை எஞ்சும்? வலி இல்லாத நாள் என்று நீங்கள் நினைப்பது, பெரும்பாலும் ஒரு வலியின் வாலாகவோ அடுத்ததன் தலையாகவோதான் இருக்கும்.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியமானது. வாரத்துக்கு மூன்று நாள் மாத்திரை என்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 13 நாள். தலைவலி உள்ளவர்கள் சாதாரண வலிநிவாரணிகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்துகள் கலந்த மாத்திரைகளையும் ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மருந்துகளையும் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கும் மேலாக எடுத்துவந்தால், அந்த மருந்தே தலைவலியை வளர்க்கத் தொடங்கும் என்பது மருத்துவம் ஏற்றுக்கொண்ட உண்மை. மாதத்துக்கு இரண்டாக இருந்தது வாரத்துக்கு மூன்றாக ஏறிய கதையில் உங்கள் மாத்திரைக்குப் பங்கு உண்டா என்பதைத்தான் நான் முதலில் ஐயுறுவேன். உங்கள் மாத்திரை எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. அட்டையின் பின்புறத்தில் எத்தனை மருந்துகளின் பெயர்கள் இருக்கின்றன என்று பாருங்கள். அதற்காக நாளையே எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தும்போது சில நாட்கள் வலி கூடும், சில மருந்துகளைப் படிப்படியாகத்தான் விட வேண்டும். நரம்பியல் மருத்துவரின் கண்காணிப்பில் செய்யவேண்டிய வேலை அது.

வலி வந்தபின் அடக்கும் மருந்து வேறு, வராமல் குறைக்கும் மருந்து வேறு என்பதே பலருக்கு ஆண்டுக்கணக்கில் தெரிவதில்லை. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. உங்கள் அளவுக்கு அடிக்கடி வருபவர்களுக்குத் தடுப்பு மருந்து தருவது வழக்கம். புரோபிரனலால், அமிட்ரிப்டிலின், டோபிரமேட் ஆகியவை பழையவை. வலியைக் கடத்தும் சிஜிஆர்பி என்ற புரதத்தைக் குறிவைக்கும் ஊசிகள் 2018 முதல் புழக்கத்துக்கு வந்துள்ளன. எதுவாக இருந்தாலும் முழுப் பயன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். இரண்டாவது வாரத்தில் மனம் வெறுத்து விட்டுவிடுவதுதான் நம்மில் பலர் செய்யும் தவறு.

இந்த மருந்துகளில் சில மறதியை உண்டாக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் நான் டோபிரமேட் எடுத்துக்கொண்டிருந்தேன். வலி பாதியாகக் குறைந்தது. ஒரு நாள் மாலை எழுதிக்கொண்டிருந்தபோது, மாவிலிருந்து தவிட்டைப் பிரிக்கும் பொருளின் பெயர் தேவைப்பட்டது. அதன் வட்டம் கண்முன் தெரிகிறது, கம்பிவலை தெரிகிறது, அதை ஆட்டும்போது எழும் ஓசைகூடக் கேட்கிறது, சொல் மட்டும் வரவில்லை. சல்லடை என்ற நான்கெழுத்துக்காக முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சொற்களால் வாழ்பவன் என்பதால் அன்றிரவு எனக்கு ஏற்பட்ட நடுக்கம், கூட்டத்தின் நடுவே பெயர் வராமல் நீங்கள் நின்றபோது அடைந்த நடுக்கத்திலிருந்து வேறுபட்டதன்று. மருத்துவரிடம் சொன்னேன். சொல் தேடித் தடுமாறுவது அந்த மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவு என்று விளக்கி, அளவைக் குறைத்துப் பிறகு வேறு மருந்துக்கு மாற்றினார். சில வாரங்களில் சொற்கள் திரும்பின. முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று வருந்தினேன். ஆனால் நானும் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.

பாட்டியின் நோயை எண்ணி அஞ்சுகிறீர்கள். 38 வயதில், தான் மறந்ததை இவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்துக் கடிதம் எழுதும் ஒருவருக்கு அந்த நோயைவிட நெருக்கமான காரணங்கள் பல இருக்கின்றன. தூக்கக் குறைவு, தைராய்டுச் சுரப்பின் குறைவு, பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகிய ஒவ்வொன்றும் மறதியைத் தரும். ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் உண்டு. இரத்தப் பரிசோதனைகளைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். மனச்சோர்வைப் பற்றிப் பேசத் தயங்க வேண்டாம். அடிக்கடி வலிக்கும் தலையோடு அதுவும் சேர்ந்தே வருவது மிகப் பொதுவானது.

ஒரு செய்தி என்னை நெடுநாள் தேற்றியிருக்கிறது. கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர், நினைவு மூளையில் எங்கே பதிகிறது என்பதை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். அவருக்கும் ஒற்றைத் தலைவலி உண்டு. அதன்போது கண்முன் விரியும் கோணல்மாணலான ஒளிக்கோட்டை நிமிட வாரியாக வரைந்துவைத்து, மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று 1941இல் கணித்தார். 1944இல் பிரேசிலைச் சேர்ந்த மூளை ஆய்வாளர் அரிஸ்டீடிஸ் லியாவோ, நரம்பணுக்களின் செயலை அடக்கியபடி அதே மெதுவான வேகத்தில் பரவும் ஓர் அலையை முயலின் மூளையில் கண்டார். அந்த அலைதான் அந்த ஒளிக்கோட்டுக்குக் காரணம் என்று இன்று கருதப்படுகிறது. நமக்குள் நிகழ்வது சோம்பலும் அல்ல, மனக்கோளாறும் அல்ல, அளந்து பார்க்கக்கூடிய ஒரு நிகழ்வு என்பதை வீட்டில் "தலைவலிதானே" என்பவர்களுக்குச் சொல்லுங்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வராதவர்களுக்கு நாம்தான் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நொடியில் உச்சம் தொடும் புதுவகை வலி, காய்ச்சலோடும் கழுத்து இறுக்கத்தோடும் வரும் வலி, ஒரு பக்கம் கைகால் தளர்வது, பேச்சுக் குழறுவது, தலையில் அடிபட்டபின் வரும் வலி ஆகியவை வந்தால் மாத்திரையைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சமாளிப்பது எப்படி என்று கேட்டீர்கள். நான் நினைவை நம்புவதை நிறுத்தி, பழக்கத்தை நம்பத் தொடங்கினேன். அடுப்பை அணைத்ததும் "அணைத்தாயிற்று" என்று வாய்விட்டுச் சொல்வேன். காதில் விழுந்த சொல் பாதி வழியில் கைகொடுக்கும். சாவிக்கும் கண்ணாடிக்கும் ஒரே இடம்தான். தூங்கும் நேரமும் உண்ணும் நேரமும் விடுமுறை நாளிலும் மாறுவதில்லை. பசியும் தூக்க மாற்றமும் எனக்கு வலியைக் கொண்டுவரும். வலியன்றும் மறுநாளும் கையெழுத்து இடுவதில்லை, முடிவெடுப்பதில்லை. பெயர் வராதபோது, "பெயர் நாவில் நிற்கிறது, மன்னிக்க வேண்டும்" என்று சொல்லிவிடுகிறேன். இதுவரை ஒருவரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு சிறு நோட்டுப்புத்தகம் வாங்குங்கள். நாள், வலி தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எடுத்த மாத்திரை, முந்தைய இரவின் தூக்கம், மாதவிலக்கு உண்டென்றால் அந்த நாட்கள், அன்று மறந்தது என்ன – நாளுக்கு ஒரு வரி போதும். வலியின்போது முழு வரி எழுத முடியாவிட்டால் ஒரு கோடு போடுங்கள். முதல் மாதம் முடிந்ததும் அதை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்; அரை மணி நேரம் பேசிப் புரியவைக்க முடியாததை அந்தப் பக்கம் ஒரே பார்வையில் அவருக்குக் காட்டும். மறந்த நாட்களும் வலித்த நாட்களும் எவ்வளவு ஒட்டிக் கிடக்கின்றன என்பதை நீங்களும் பார்ப்பீர்கள். மூன்றாம் மாதக் கூட்டல் முடிந்ததும், அந்த எண்களோடு எனக்கு மறுபடியும் எழுதுங்கள். காத்திருக்கிறேன்.