ஜெர்மனிக்கு ஏஜென்ட் தேவையா?

கேள்வி: மகள் பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டாள். ஜெர்மனியில் எம்.எஸ். படிக்க ஆசை. ‘இரண்டரை லட்சம் கட்டுங்கள், சீட் நிச்சயம்’ என்கிறார் தி.நகர் ஏஜென்ட் ஒருவர். நம்பலாமா?
- ஒரு தாய், பெரம்பூர்

பதில்: சீட்டை நிச்சயம் செய்ய அவர் யாரம்மா? முடிவெடுப்பது பல்கலைக்கழகம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் நம் பிள்ளைகளுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ; மியூனிக் தொழில்நுட்பப் பல்கலையும் இப்போது வாங்குகிறது.

முதல் வேலை ஏ.பி.எஸ். சான்றிதழ். ஜெர்மன் தூதரகத்தின் கல்விச் சான்று மதிப்பீட்டு மையம் தருவது அது. மதிப்பெண் பட்டியல்களைச் சரிபார்த்துத் தருவார்கள், நேரம் பிடிக்கும். அதற்கு முன் பெயரைப் பாருங்கள். நம் ஊர் மார்க் ஷீட்டில் வெறும் இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக நிற்கும். எழுத்து வேறுபாடு எதுவானாலும் இப்போதே சரிசெய்யுங்கள்.

அப்புறம் பிளாக்டு அக்கவுன்ட், அதாவது பணத்தை முன்பே போட்டு வைத்து, மாதாமாதம் மட்டும் எடுக்கக்கூடிய கணக்கு. விசாவுக்கு ஒரு வருஷச் செலவாக 11,904 யூரோ காட்ட வேண்டும். இதையும் ‘செலவு’ என்று ஏஜென்ட் கணக்கில் சேர்த்திருந்தால் கேளுங்கள்: அது உங்கள் பணம், அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக மகள் கைக்கே வரும்.

விண்ணப்பம் யூனி-அசிஸ்ட் (பல பல்கலைகளுக்காக வெளிநாட்டு மாணவர் விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் அமைப்பு) வழியாக என்றால் முதல் பல்கலைக்கு 75 யூரோ, அடுத்தடுத்து 30. படிப்பு ஆங்கிலத்தில் இருந்தாலும் ஜெர்மன் கொஞ்சம் கற்கட்டும். நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கவே இருக்கிறது. அக்டோபர் சேர்க்கைக்குப் பல இடங்களில் ஜூலை 15 கடைசி, சில இடங்களில் அதற்கும் வெகு முன்பே முடிந்துவிடும். ஒவ்வொரு பல்கலையின் தேதியையும் மகளே பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும்.