கை ஆக்சிலேட்டர் நழுவினால் முழு செட்டும் வாங்க வேண்டுமா?

கேள்வி: எங்களிடம் 35 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று இருக்கிறது. 1998 மாடல், மூன்று வருடத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கை ஆக்சிலேட்டரை எங்கே வைத்தாலும் நிற்பதில்லை. ரோட்டவேட்டர் (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) போட்டு வயலை ஒரு சுற்று வருவதற்குள் இன்ஜின் வேகம் குறைந்து சத்தம் அடங்கிவிடுகிறது. இப்போதைக்குச் சைக்கிள் டியூபால் லிவரை இழுத்துக் கட்டி ஓட்டுகிறேன். ஒரு மெக்கானிக் லிவர், ராடு எல்லாவற்றையும் சேர்த்து முழு செட்டாக மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் டீசல் பம்பையே கழற்றி சர்வீசுக்குக் கொடுக்கச் சொல்கிறார். எதைச் செய்வது?
– மன்னார்குடி பக்கத்து வாசகர்

பதில்: இரண்டையும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். முதலில் ஒரு சாக்பீஸ் எடுங்கள்.

ரோட்டவேட்டர் ஓட்டும் வேகத்துக்கு லிவரை வையுங்கள். லிவர் மேலும் அதை ஒட்டிய தகடு மேலும் சேர்ந்தாற்போல் ஒரே கோடாகப் போடுங்கள். டியூபைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று உழுது வாருங்கள். சத்தம் அடங்கியதும் வண்டியை நிறுத்திக் கோட்டைப் பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால் லிவர்தான் நழுவுகிறது. கோடு போட்டபடியே சேர்ந்து நின்று, வேகம் மட்டும் குறைந்திருந்தால் லிவரில் பழுதில்லை. அப்போது டீசல் ஃபில்டர் அடைப்பு, டீசல் லைனில் காற்று, லிவரிலிருந்து பம்புக்குப் போகும் ராடுகளின் ஆட்டம் என்று வரிசையாகப் பார்த்துவிட்டுத்தான் பம்புக்குப் போக வேண்டும். ஃபில்டர் மாற்றினால் தீரும் விஷயத்துக்குப் பம்பைக் கழற்றி ஆயிரக்கணக்கில் செலவு செய்தவர்களின் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

லிவர் ஏன் நழுவுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிராக்டரில் கை லிவர் நேராக டீசலைக் கூட்டுவதில்லை. இவ்வளவு வேகத்தில் ஓடு என்று டீசல் பம்பில் இருக்கும் கவர்னருக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். சுமை கூடினால் கவர்னர் தானே டீசலைக் கூட்டி அந்த வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பம்புப் பக்கம் இருக்கும் ரிட்டர்ன் ஸ்பிரிங், லிவரை எப்போதும் ஐட்லிங் (இன்ஜினின் மிகக் குறைந்த வேகம்) பக்கமே இழுத்துக்கொண்டிருக்கும். அந்த இழுப்பைத் தாங்கி லிவரை வைத்த இடத்தில் நிறுத்துவது ஒரு சின்ன பிடிமானம். சில வண்டிகளில் அது பல் வெட்டிய வளைவுத் தகடு. சிலவற்றில் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு லைனிங் வாஷர், அதை அழுத்தும் ஸ்பிரிங், ஒரு நட்டு. 1946-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் வெளிவரத் தொடங்கிய ஃபெர்குசன் டி.இ.20 டிராக்டரில் கால் ஆக்சிலேட்டரே கிடையாது, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த கை லிவர் ஒன்றுதான். வயல் வேலைக்கு அதுதான் உண்மையான ஆக்சிலேட்டர்.

25 வருடத்துக்கு மேல் ஓடிய வண்டியில் இந்தப் பிடிமானம் தேய்வது இயல்பு. டெல்டாவில் சேற்றுழவுக்குக் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டு ஓட்டுகிறோம். வீல் வாரி அடிக்கிற சேறு ராடுகளின் மூட்டுகளில் புகுந்து காய்கிறது. அதன் மணல் பின்னையும் ஓட்டையையும் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடுகிறது.

இனி வேலைக்கு வருவோம். இன்ஜினை நிறுத்தி நன்றாக ஆறவிடுங்கள். கியர் நியூட்ரல், பி.டி.ஓ. (பின்னால் மாட்டிய கருவியைச் சுழற்றும் ஷாஃப்ட்) ஆஃப், பிரேக் லாக், சக்கரத்துக்குக் கட்டை. பம்பு பக்கத்தில் ராடை மட்டும் கழற்றிவிட்டு, பம்பு லிவரைக் கையால் தள்ளிப் பாருங்கள். வழவழப்பாகப் போய், விட்டதும் சட்டென்று திரும்ப வேண்டும். தள்ளவே கஷ்டமாக இருந்தால் பம்பு லிவரின் ஷாஃப்ட் இறுகியிருக்கும், அல்லது முன்னால் வைத்திருந்தவர் கையில் கிடைத்த முரட்டு ஸ்பிரிங்கை மாட்டியிருப்பார். அப்படிப்பட்ட ஸ்பிரிங் இருந்தால் புது லிவர் போட்டாலும் நழுவத்தான் செய்யும்.

பம்பு லிவர் சரியாக இருந்தால் கை லிவரின் பிடிமானத்தைப் பிரியுங்கள். பிரிக்கும் முன் செல்போனில் இரண்டு மூன்று கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழிந்த தட்டு போன்ற ஸ்பிரிங் வாஷர்கள் எந்தப் பக்கம் பார்த்து அடுக்கியிருந்தன என்பது மிக முக்கியம். மாற்றி அடுக்கினால் நட்டை எவ்வளவு முறுக்கினாலும் பிடி வராது.

உள்ளே பெரும்பாலும் என்ன தெரியும் என்றால், லைனிங் வாஷர் கண்ணாடி போலப் பளபளத்துக் கிடக்கும், மேலே கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. யாரோ நல்லெண்ணத்தில் லிவருக்கு ஆயில் விட்டிருப்பார்கள். ராடு மூட்டுகளுக்கு ஆயில் வேண்டும். இந்த வாஷருக்கு ஒரு சொட்டுக்கூடக் கூடாது, பிரேக்குக்கு ஆயில் விட்ட கதைதான். பழைய லைனிங் வாஷரை உப்புத்தாளால் தேய்த்துப் புதுப்பிக்கப் பார்க்காதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஈரத் துணியால் துடைத்து எடுத்துவிட்டுப் புது வாஷர் போடுங்கள். இரும்புத் தகடுகளின் முகத்தை மட்டும் எண்ணெய் போகத் துடைத்து, உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கினால் போதும்.

ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். நைலான் வைத்த லாக் நட்டு இருந்தால் பழையதையே திரும்பப் போடாதீர்கள், ஓடும் அதிர்வில் கழன்றுவிடும். நட்டை எவ்வளவு முறுக்குவது என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது: இரண்டு விரலால் தள்ளினால் லிவர் அசையக் கூடாது, உள்ளங்கையால் தள்ளினால் நகர வேண்டும். அதற்கு மேல் முறுக்கினால் அவசரத்தில் குறைக்க முடியாமல் போகும்.

பல் தகடு இருக்கும் வண்டி என்றால் லேத் பட்டறை வேலை. தேய்ந்த பல்லில் வெல்டிங் வைத்து, முக்கோண அரத்தால் மறுபடி பல் எடுக்கலாம். லிவர் பக்கத்தில் பல்லில் விழுகிற அந்த முனையும் மழுங்கியிருக்கும், அதையும் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சரிசெய்தால் மறுபடி அதே தொல்லை.

அப்புறம் ராடுகள். ஒவ்வொரு மூட்டையும் விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை முட்டை வடிவமாகியிருக்கும். ஒரு மூட்டில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் பெரிதாகத் தெரியாது. நான்கு மூட்டில் சேர்ந்தால் லிவரை முழுக்கத் தள்ளியும் பம்பு லிவர் கடைசி வரை போகாது. ஓட்டையில் வெல்டிங் வைத்து மறுபடி துளை போடலாம், அல்லது பெரிதாக்கி உள்ளே புஷ் (உலோக வளையம்) அடிக்கலாம். பால் ஜாயின்ட் (ராடு முனையில் இருக்கும் பந்து மூட்டு) தேய்ந்திருந்தால் மாற்றுவதுதான் வழி. இவை எல்லாமே போய், லிவரின் ஷாஃப்டும் தேய்ந்திருந்தால் மட்டும் முழு செட் வாங்குவதில் அர்த்தம் உண்டு.

பூட்டியபின் இரண்டு பக்கமும் பாருங்கள். லிவர் முழுக்கப் போனால் பம்பு லிவர் அதன் கடைசி ஸ்டாப்பைத் தொட வேண்டும், குறைத்தால் ஐட்லிங் ஸ்டாப்பில் உட்கார வேண்டும். வராவிட்டால் ராடின் நீளத்தைத்தான் திருத்த வேண்டும். பம்பில் சீல் வைத்திருக்கும் மேக்சிமம் ஸ்க்ரூவை யார் சொன்னாலும் தொடவிடாதீர்கள்.

அந்தச் சைக்கிள் டியூபை இன்றே அவிழ்த்துவிடுங்கள். எங்கள் வீட்டு வண்டியிலும் ஒரு போகம் முழுக்க அப்படித்தான் கட்டி ஓட்டினோம். ஒருநாள் ரோட்டவேட்டரில் வைக்கோல் கயிறு சுற்றி, உடனே வேகத்தைக் குறைக்க வேண்டிய நேரத்தில், என் அண்ணன் டியூபின் முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தச் சில நொடிகளை நான் மறக்கவில்லை. அதேபோல், நழுவுவதைத் தடுக்க ரிட்டர்ன் ஸ்பிரிங்கையே கழற்றிவிடும் மெக்கானிக்குகளும் உண்டு. அது டியூபைவிட மோசம். எங்காவது ராடு கழன்றால் இன்ஜின் வேகம் தானாகக் குறைய வழியே இருக்காது.

கேள்வி: கை லிவர் நிற்காவிட்டால் என்ன, காலால் மிதித்தே கதிரடிக்கும் மெஷினை ஓட்டக்கூடாதா?
– அதே ஊர்ப் பக்கம் இன்னொருவர்

பதில்: கூடாது. பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் என்ற கணக்கில்தான் கதிரடிக்கும் மெஷினைச் செய்கிறார்கள். இன்ஜின் வேகம் கால்வாசி குறைந்தால் 540 என்பது 405 ஆகிவிடும். மணி சரியாக உதிராது, பதரும் பிரியாது. மணிக்கணக்கில் ஒரே அளவில் காலை வைத்திருக்க யாராலும் முடியாது. ரோட்டில் டிரெய்லரோடு போகும்போது நேர் எதிர். கை லிவரை முழுக்கக் குறைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அது கூட்டியே இருந்தால் நீங்கள் காலை எடுத்தாலும் வண்டி வேகம் குறையாது. இறக்கத்தில் இது உயிருக்கே ஆபத்து.

கேள்வி: ஒரிஜினல் என்று சொல்லி ஒரு கடையில் ஆக்சிலேட்டர் ராடும் பால் ஜாயின்ட்டும் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் ஜாயின்ட் கழன்றுவிட்டது. பில் தரவில்லை, கேட்டதற்கு "ஜி.எஸ்.டி. போட்டால் விலை கூடும்" என்றார்கள். இப்போது திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். விவசாயிக்கு நுகர்வோர் சட்டம் பொருந்துமா?
– திருத்துறைப்பூண்டி வாசகர்

பதில்: பொருந்தும். சொந்தப் பிழைப்புக்காக வாங்கும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. விவசாயியும் நுகர்வோர்தான் என்று விதை வழக்கு ஒன்றில் 2012-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

பில் தராமல் இருப்பதே அந்தச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். பழுதான பொருளைப் பில்லில் போட்ட காலத்துக்குள் திருப்பி எடுக்க மறுப்பதும் அப்படித்தான். பில்லில் காலம் எதுவும் போடாவிட்டால் 30 நாள். உங்களுக்கு இரண்டு வாரம்தான் ஆகியிருக்கிறது, நாளைக் கடத்தாதீர்கள். ஜி.பே.யில் பணம் கொடுத்திருந்தால் அந்தப் பதிவு, பாகம் வந்த பெட்டி, கழன்ற ஜாயின்ட்டின் படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பெட்டியில் அதிகபட்ச சில்லறை விலையும் தயாரித்தவர் முகவரியும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதையும் புகாரில் சேர்க்கலாம்.

ஜி.எஸ்.டி. சாக்கை நம்ப வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டரின் பல உதிரி பாகங்களுக்கு வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. எல்லாப் பாகமும் அந்தப் பட்டியலில் இல்லை, ஆகவே பில்லில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து வாங்குங்கள்.

முதலில் கடைக்காரருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்பி, அவர் கையில் சேர்ந்ததற்கான சான்றையும் வாங்கி வையுங்கள். வாங்கிய தேதி, கொடுத்த தொகை, என்ன பழுது, பணமோ மாற்றுப் பொருளோ எத்தனை நாளில் வேண்டும், இவ்வளவு போதும். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

மறுபடி ஜாயின்ட் வாங்கப் போகும்போது பழையதைக் கையில் கொண்டு போங்கள். மரையை அங்கேயே நட்டில் ஏற்றிப் பாருங்கள், பந்தை விரலால் சுழற்றிப் பாருங்கள். ஆட்டம் இருந்தாலோ, சுழலும்போது கரகரவென்றாலோ எந்தப் பெட்டியில் வந்திருந்தாலும் வேண்டாம்.