ஓநாய் வந்ததால் முயல் நிறம் மாறவில்லை

அன்புள்ள ஐயா,

பத்தாம் வகுப்புக்கு மரபியலும் பரிணாமமும் நடத்துகிறேன். ஃபெட் (PhET) என்ற இணையதளத்தில் உள்ள இயற்கைத் தேர்வு சிமுலேஷனைத் திரையில் ஓட்டிக் காட்டினேன். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. ஆனால் தேர்வில் பலர், ‘ஓநாய் வந்ததும் தப்பிப்பதற்காக முயல் பழுப்பாக மாறிக்கொண்டது’ என்று எழுதியிருக்கிறார்கள். பழையபடி கரும்பலகையிலேயே நடத்திவிடலாமா?

– ஓர் அறிவியல் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

வேண்டாம். ஆனால் அந்த விடையில் சிமுலேஷனுக்கும் பங்கு இருக்கிறது. இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. என்றாலும் அந்த முயல் திரையில் திடீர்மாற்றம், அதாவது மரபணுவில் தற்செயலாக வரும் மாற்றம், ஒரு பொத்தான். ஓநாயை விட்டதும் முயல்கள் சாகின்றன. பையன் பதறிப்போய்ப் பழுப்பு ரோமத்தை அழுத்துகிறான். தேவைப்பட்டதும் மாற்றம் வந்தது என்றுதானே அவனுக்குப் படும்?

வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில், பழுப்பு நிலத்தில், பழுப்பு ரோமப் பொத்தான். ஓநாய் இல்லாமல் சில தலைமுறை ஓடட்டும். இரண்டு நிறமும் பெருகும். பிறகு ஓநாய். அடுத்த ஓட்டத்தில் வெள்ளை முயல்கள் மட்டும், கூடவே ஓநாய். பொத்தானை யாரும் தொடக் கூடாது. எத்தனை முயல் செத்தாலும் ஒன்றுகூடப் பழுப்பாகாது. மூன்றாவதாக, பனிப் பிரதேசத்தில் அதே பழுப்பு. அங்கே முதலில் மாட்டுவது அதுதான். ‘நல்ல மரபணு’ என்ற பேச்சு வகுப்பில் அதோடு அடங்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் என்ன நடக்கும் என்று நோட்டில் எழுத வைக்க வேண்டும். எழுதாமல் பார்த்தால் அது வெறும் கார்ட்டூன்.

இன்னொன்று, பழுப்பை ஒடுங்கு பண்பாக, அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும் பண்பாக, வைத்து ஓட்டுங்கள். சில தலைமுறைகளுக்குப் பழுப்பு முயல் கண்ணில் படாது. பிறகு வெள்ளைப் பெற்றோருக்குப் பழுப்புக் குட்டி பிறக்கும். வம்சாவளிப் பகுதியைத் திறந்தால், அந்தப் பெற்றோர் அதைச் சுமந்து வந்தது தெரியும். ஓநாய்க்குத் தெரிவது ரோமம்தான், உள்ளே இருக்கும் மரபணு அல்ல. நம் பாடநூல் இரண்டு அலகுகளாகப் பிரித்து வைத்திருப்பது இங்கே ஒன்றாகிவிடுகிறது.

மெண்டலின் பட்டாணிச் செடிக் கணக்குக்கு மட்டும் எனக்குக் கணினி பிடிக்காது. நான்கு குட்டி என்றால் மூன்றுக்கு ஒன்று என்று பிள்ளைகள் அடித்துச் சொல்வார்கள். மெண்டல் எண்ணியது 5,474 உருண்டை விதை, 1,850 சுருங்கிய விதை, விகிதம் 2.96. ஆளுக்கு இரண்டு நாணயம் கொடுத்துச் சுண்டச் சொல்லுங்கள். ஒரு தலையாவது விழுந்தால் உருண்டை, இரண்டும் பூ என்றால் சுருங்கியது. நான்கு முறை சுண்டினால் எதுவும் வரும். வகுப்பு முழுவதன் கணக்கையும் கூட்டும்போதுதான் மூன்றை நெருங்கும். அதற்கு ஒரு பீரியட் போதும்.