84 நாட்ஸில் இன்ஜின் ஏன் அடங்குகிறது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் என்னும் விமானம் ஓட்டும் கணினி விளையாட்டில், பிஎம்டிஜி நிறுவனம் உருவாக்கிய போயிங் 737-800 ஓட்டப் பழகி வருகிறேன். ஆட்டோ த்ராட்டிலை (இன்ஜின் சக்தியைத் தானாகக் கட்டுப்படுத்தும் அமைப்பு) ஆர்ம் செய்து, அதாவது தயார்நிலையில் வைத்து, டோகா (புறப்பாட்டுச் சக்தி தரும் பட்டன்) அழுத்தினால் இன்ஜின் லீவர்கள் தாமாக முன்னே போகின்றன. ஆனால் வேகம் 80 நாட்ஸைத் (மணிக்கு 80 கடல் மைல்) தாண்டியதும் என்1 (இன்ஜின் விசிறிச் சுழற்சி வேகம், சதவீதத்தில்) மளமளவென்று 40-க்கு இறங்கிவிடுகிறது. ஆட்டோ த்ராட்டில் அணையவும் இல்லை. இது மென்பொருள் கோளாறா? இன்னொரு கேள்வி: ஏர்பஸ் ஏ320-இல் டோகா பட்டன் எங்கே இருக்கிறது?

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

கோளாறு இல்லை. விமானம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. உங்கள் மேசைமேல் இருக்கும் லீவர்தான் பின்தங்கி நிற்கிறது.

டோகா அழுத்தியதும் எதிரே உள்ள திரையின் உச்சியில் 'என்1' என்று பச்சையில் வரும். சர்வோ மோட்டார் லீவரைத் தள்ளுகிறது என்று அர்த்தம். 84 நாட்ஸில் அது 'டிஎச்ஆர் எச்எல்டி', அதாவது த்ராட்டில் ஹோல்ட், என்று மாறும். அந்த நொடியில் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. வேகம் ஏறிய பிறகு ஏதோ பழுதில் ஆட்டோ த்ராட்டில் லீவரைப் பின்னுக்கு இழுத்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. நிஜ விமானத்தில் லீவர் போன இடத்தில் நிற்கும். வீட்டு லீவருக்கு மோட்டார் ஏது? நீங்கள் 40-இல் விட்டது 40-இலேயே இருக்கிறது. ஹோல்ட் வந்ததும் சிமுலேட்டர் அதைப் படித்து, இன்ஜினையும் அங்கே கொண்டுபோய் விடுகிறது.

ஆகவே டோகா அழுத்திய கையோடு உங்கள் லீவரையும் முன்னே தள்ளுங்கள். 60 நாட்ஸுக்குள் முடித்துவிடுவது நல்லது. கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை தள்ளவும் கூடாது. குறைத்த திரஸ்டில் (இன்ஜினின் உந்துவிசை) புறப்படும்போது அப்படிச் செய்தால், ஹோல்டில் என்1 வரம்பைத் தாண்டி ஓடும். 84-ஐத் தாண்டியதும் என்1 மானியைப் பார்த்து, பச்சைக் குறிக்கு நேராக லீவரைச் சற்றே நகர்த்திச் சரிசெய்யுங்கள். பிஎம்டிஜி அமைப்புகளில் ஆட்டோ த்ராட்டிலைக் கையால் மீறுவது பற்றி ஒரு தேர்வு உண்டு. 'எப்போதும்' என்று வைத்தால் தேய்ந்த லீவரின் நடுக்கம்கூட மோட்டாரோடு மல்லுக்கட்டும். 'ஒருபோதும் வேண்டாம்' என்றால் உங்கள் சிக்கல் மறையும். ஆனால் டேக்ஆஃபை நிறுத்த லீவரை இழுத்தால் விமானம் கேட்காது. ஹோல்டில் மட்டும் கைக்கு இடம்கொடுப்பதே நிஜத்துக்கு அருகில் வரும் என்பது என் கட்சி.

டோகாவுக்கு முன் லீவரை 40-இல் நிறுத்துவது ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐடிலிலிருந்து (இன்ஜினின் மிகக் குறைந்த ஓட்டம்) இரண்டு இன்ஜின்களும் ஒரே சீராக ஏறுவதில்லை. ஐடிலிலேயே டோகா அழுத்தினால் ஒன்று முந்தும், மூக்கு ஒரு பக்கம் இழுக்கும். இரண்டும் 40 சதவீதத்தில் சமமாக நின்ற பிறகே அழுத்தவேண்டும். திரையில் பட்டன் தேடி அலைய வேண்டாம், ஜாய்ஸ்டிக் பட்டன் ஒன்றை அதற்கு ஒதுக்கிவிடுங்கள்.

அழுத்தியும் ஒன்றும் நடக்காவிட்டால் எஃப்எம்சியைப் (பயண விவரங்களை உள்ளிடும் விமானக் கணினி) பாருங்கள். எடை விவரங்களை முழுதாகக் கொடுத்திருக்கவேண்டும், என்1 லிமிட் பக்கத்தில் வரம்பு கணக்காகியிருக்கவேண்டும். ஃப்ளைட் டைரக்டர் (மூக்கை எங்கே வைக்கவேண்டும் என்று திரையில் கோடு காட்டும் கருவி) இரண்டும் ஆனில் இருக்கட்டும், எம்சிபி (ஆட்டோபைலட் கட்டுப்பாட்டுப் பலகை) வேகச் சாளரத்தில் வி2 (ஒரு இன்ஜின் நின்றாலும் பாதுகாப்பாக ஏறும் வேகம்) இருக்கட்டும். ஓட்டத்தின் தொடக்கத்தில் டைரக்டர் கோடு மூக்கை 10 டிகிரி கீழே காட்டும். பதற வேண்டாம், 60 நாட்ஸில் 15 டிகிரி மேலே போய்விடும்.

84-க்கு முன்னால் டேக்ஆஃபை நிறுத்தினால், லீவரை இழுப்பதோடு ஆட்டோ த்ராட்டிலையும் அணைக்கவேண்டும். மறந்தால் அது மறுபடி லீவரை முன்னே தள்ளும், நீங்கள் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பீர்கள்.

மேலே போனதும், எஃப்எம்சியில் வைத்த உயரத்தில் திரஸ்ட் ஏறுமுக அளவுக்குக் குறையும். 1500 அடி என்று வைத்தால் அது ஓடுபாதையிலிருந்து கணக்கு. பெங்களூர் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3000 அடி உயரத்தில் இருப்பதால், அங்கே ஆல்டிமீட்டர் 4500-ஐத் தொடும்போதுதான் குறையும்.

ஏ320-இல் டோகா பட்டனே இல்லை. லீவர் பதிந்து நிற்கும் காடிகள்தான் பட்டன். 50 சதவீதத்தில் நிலைப்படுத்தி, எஃப்எல்எக்ஸ் (குறைத்த சக்திப் புறப்பாடு) காடிக்கோ டோகா (முழுச் சக்தி) காடிக்கோ தள்ளினால் ஆட்டோ திரஸ்ட் தானாக ஆர்ம் ஆகும். லீவர் நகராது, நகர்த்துவது நீங்கள்தான். லீவரை ஏறுமுக நிலைக்கு மாற்றச் சொல்லும் 'எல்விஆர் சிஎல்பி' மின்னும்போது சிஎல் (ஏறுமுகக்) காடிக்கு இழுத்தால் அது வேலையைத் தொடங்கும். காடிகளில்லாத லீவர் என்றால் முதலில் கேலிப்ரேஷன் (லீவரின் நிலைகளைச் சிமுலேட்டருக்குப் பொருத்திக் காட்டுவது) செய்யுங்கள். இல்லாவிட்டால் சிஎல் என்று நினைத்து நீங்கள் நிறுத்தும் இடம் அதற்குச் சற்றுக் கீழே போய்விடும், எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டே இருக்கும்.