எந்தப் பாடத்தை எடுப்பது, எதை விடுவது?

பாடம் தேர்ந்தெடுக்கும் பருவம் வந்தாலே கடிதங்கள் குவிந்துவிடும். பெற்றோர் எழுதினால் 'மதிப்புள்ள பாடம் எது?' என்று இருக்கும். பிள்ளைகள் எழுதினால் 'எதை விட்டுத் தொலைக்கலாம்?' என்று இருக்கும். இரு தரப்புக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: சேர நினைக்கும் பட்டப்படிப்பின் சேர்க்கைப் பக்கத்தை முதலில் திறந்து வையுங்கள். அங்கிருந்து பள்ளிக்குப் பின்னோக்கி வாருங்கள்.

மகளுக்குப் பொருளாதாரத்தில் பட்டம் வாங்க ஆசை. பள்ளியில் பொருளாதாரம், வணிகவியல், உளவியல் எடுத்திருக்கிறாள். கணக்கு அவளுக்கு ஆகாது. இது போதும்தானே?

போதாது. கேம்பிரிட்ஜில் பொருளாதாரம் படிக்கக் கணிதம் கட்டாயம். ஆனால் பள்ளியில் பொருளாதாரம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸிலும் இதே கதை. டெல்லி பல்கலைக்கழகத்தின் பொருளாதார ஆனர்ஸ் படிப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் வேண்டும்.

முதலாண்டுப் புத்தகத்தைப் புரட்டினால் காரணம் புரியும். எத்தனை பொருள் தயாரித்தால் லாபம் உச்சத்தில் இருக்கும் என்ற ஆரம்பக் கேள்விக்கே, லாபச் சார்பை வகையிட்டுப் பூஜ்யத்துக்குச் சமப்படுத்த வேண்டியிருக்கிறது. அப்புறம் பகுதி வகையீடு, புள்ளியியல், ரிக்ரெஷன் என்று வண்டி ஓடும். பள்ளிப் பொருளாதாரத்தில் சொல்லித் தருவதைப் பல்கலைக்கழகத்தில் முதல் சில வாரங்களில் மறுபடி நடத்திவிடுவார்கள். கணக்கை அப்படி நடத்த முடியாது.

வணிகவியலை விட்டுவிட்டுக் கணக்கை எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் அவளிடம் ஒன்று கேளுங்கள்: ஆகாதது கணக்கா, கணக்கு வாத்தியாரா? கணக்குதான் என்றால், அவள் தேடுவது பொருளாதாரமாகவே இல்லாமல் இருக்கலாம். நிர்வாகவியல், அரசியல் அறிவியல், சமூகவியல் பாடத்திட்டங்களையும் காட்டுங்கள். கண் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

ஏ-லெவலில் (பிரிட்டிஷ் முறையில் பள்ளியின் கடைசி இரண்டாண்டுப் படிப்பு) நான்கு பாடம் எடுத்தால் மூன்று எடுத்தவர்களைவிட முன்னால் நிற்கலாமா?

பொதுவாக இல்லை. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மூன்று பாடங்களின் மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகின்றன. கேம்பிரிட்ஜின் அறிவியல் படிப்புகளில் வழக்கமாகக் கேட்பது இரண்டு ஏ-ஸ்டார் (உச்சத் தரம்), ஒரு ஏ (அதற்கு அடுத்தது). நான்காவது பாடத்தைச் சுமந்து மூன்றிலும் ஒரு படி இறங்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான். பாடங்களை அடுக்கிக் காட்டுவதில் ஒரு பெருமை இருக்கிறது, தெரியும். சேர்க்கை அதிகாரிக்கு அந்தப் பெருமை தேவையில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு: ஃபர்தர் மேத்ஸ் என்ற கூடுதல் கணிதப் பாடம். கணிதம், பொறியியல், இயற்பியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் போகிறவர்களுக்கு அதை நான்காவதாக எடுப்பது வீண் சுமை அல்ல. கலப்பெண், அணிகள், வகைக்கெழுச் சமன்பாடு எல்லாம் கல்லூரி முதல் பருவத்திலேயே எதிரே வந்து நிற்கும். ஏற்கெனவே பார்த்தவர்களுக்கு மூச்சு முட்டாது. உங்கள் பள்ளியில் அந்தப் பாடமே இல்லையா? அதைப் பரிந்துரைக் கடிதத்தில் ஆசிரியரை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடம் இல்லை. அந்தப் பட்டப்படிப்பை மறந்துவிட வேண்டியதுதானா?

வேண்டாம். முன்னணி இடங்கள் பலவும் கட்டாயமாகக் கேட்பது கணிதத்தைத்தான். புரோகிராமிங்கை வீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

மருத்துவம்தான் லட்சியம். வேதியியல், உயிரியல் உறுதி. மூன்றாவதாக வரலாறு எடுக்க மகனுக்கு ஆசை. நான் இயற்பியல் என்கிறேன். யார் சொல்வது சரி?

எந்த நாட்டில் விண்ணப்பிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவத்துக்கு வேதியியல் கட்டாயம். கூடவே உயிரியல், இயற்பியல், கணிதம் இவற்றில் ஒன்றாவது வேண்டும். மகன் இரண்டையும் தொட்டுவிட்டான், ஆகவே மூன்றாவது வரலாறாக இருக்கலாம். நோயாளி சொல்வதைக் கேட்டு, எது நம்பத்தக்கது, எது விடுபட்டது என்று பிரிக்கிற வேலைக்கு வரலாறு கெட்ட பயிற்சி அல்ல.

ஆனால் இந்தியாவின் நீட் தேர்வில் இயற்பியல் இருக்கிறது. அந்தக் கதவும் திறந்திருக்க வேண்டும் என்றால் நீங்கள் சொல்வதே சரி. முதலில் இருவரும் உட்கார்ந்து நாட்டை முடிவு செய்யுங்கள். பாடச் சண்டை தானாகத் தீரும்.

அமெரிக்காவா, பிரிட்டனா என்று இன்னும் முடிவாகவில்லை. இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி எடுக்க முடியுமா?

முடியும், கொஞ்சம் அகலமாக எடுக்க வேண்டும். பிரிட்டன் ஆழத்தைக் கேட்கிறது, அமெரிக்கா அகலத்தையும் சேர்த்துக் கேட்கிறது. எம்ஐடி தன் விண்ணப்பதாரர்களுக்குப் பரிந்துரைக்கும் பட்டியலில் கால்குலஸ் வரை கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஒவ்வொன்றும் ஓராண்டு, நான்காண்டு ஆங்கிலம், வரலாறு அல்லது சமூக அறிவியல் எல்லாம் இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பிலேயே உயிரியலையும் வரலாற்றையும் கைகழுவிவிடாதீர்கள்.

ஐபி என்ற சர்வதேசப் பள்ளிப் பாடத்திட்டத்தில் படிக்கிறேன். கணிதத்தில் ஏஏ, ஏஐ என்று இரண்டு இருக்கின்றன. ஏஐ சுலபம் என்கிறார்கள்.

ஏஐ என்றதும் செயற்கை நுண்ணறிவுப் பாடம் என்று நினைத்துப் பையனை அதில் சேர்க்கச் சொன்ன அப்பா ஒருவரை எனக்குத் தெரியும். அது 'அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்பிரிடேஷன்'. புள்ளியியலும் மாதிரியமைப்பும் அதில் அதிகம். ஏஏ என்பது 'அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ்'. அதில் நிறுவல், கால்குலஸ், இயற்கணிதம் அதிகம். கணிதம் கட்டாயமான படிப்புகளுக்குக் கேம்பிரிட்ஜ் ஹையர் லெவல் (உயர்நிலை) ஏஏவைத்தான் கேட்கிறது. பொறியியலோ பொருளாதாரமோ மனத்தில் இருந்தால் ஏஏவில் உட்காருங்கள். உளவியல், புவியியல் போன்றவற்றுக்கு ஏஐ நன்றாகவே பொருந்தும். அதைச் சுலபம் என்று சொல்பவர்கள் ஹையர் லெவல் வினாத்தாளைப் பார்க்காதவர்கள்.

'உதவும் பாடங்கள்' என்று எட்டுப் பத்துப் பாடங்களின் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தது. அதில் இல்லாத பாடத்தை எடுத்தால் நல்ல பல்கலைக்கழகம் கிடைக்காதாமே?

பிரிட்டனின் முன்னணிப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான ரஸ்ஸல் குழுமம் அந்தப் பட்டியலை 2019லேயே கைவிட்டுவிட்டது. ஒவ்வொரு படிப்புக்கும் எது வேண்டும் என்று தனித்தனியாகப் பார்க்கும் இணையதளத்தை அதற்குப் பதிலாக வைத்திருக்கிறார்கள். பட்டியல் மட்டும் ஃபார்வர்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஆக்ஸ்ஃபோர்டு எந்தப் பாடத்தையும் கட்டாயமாக்கவில்லை. எல்நாட் என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. 42 கொள்குறி வினாக்கள், அப்புறம் ஒரு கட்டுரை. எழுதிப் பழக்குகிற பாடம் ஒன்றாவது கையில் இருந்தால் அங்கே உதவும்.

வகுப்பு தொடங்கி ஆறு வாரம் ஆகிவிட்டது. உயிரியல் எடுத்தேன், இப்போது மெக்கானிக்கல் என்ஜினியரிங் போக ஆசை. இயற்பியலுக்கு மாறலாமா, சார்?

மாறலாம் தம்பி, மாறத்தான் வேண்டும். இயற்பியல் இல்லாமல் அந்தப் படிப்புக்கு நல்ல இடங்களில் கதவு திறப்பது கஷ்டம். ஆனால் இந்த வாரமே செய். இயற்பியல் ஆசிரியரிடம் போய் இதுவரை நடந்த பாடங்களைக் கேள். அலகுகள், வெக்டர், நேர்கோட்டு இயக்கம் இந்த மாதிரிதான் இருக்கும். சனி, ஞாயிறு உட்கார்ந்து எறிபொருள் இயக்கத்தில் பத்துக் கணக்குப் போட்டுப் பார். ஆறாவது கணக்கிலாவது கை ஓடினால் பிடித்துவிடலாம். அப்புறம் கால அட்டவணையை எடுத்து, இயற்பியலும் உன்னுடைய மற்ற இரண்டு பாடங்களும் ஒரே பீரியடில் மோதுகின்றனவா என்று பார். அதைப் பார்க்காமல் பிரின்சிபாலிடம் போனால், அட்டவணையைப் பார்த்துவிட்டு வா என்றுதான் திருப்பி அனுப்புவார்.