வேப் (மின்சிகரெட்) திரவத்தில் கிளிசரினுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் சேர்க்கலாமா?

வேண்டாம், எந்த எண்ணெயையும் சேர்க்காதீர்கள். இத்திரவத்தின் அடிப்படைப் பொருள்கள் புரோப்பிலீன் கிளைக்காலும் தாவரக் கிளிசரினும்தான். நீர்த்திருக்கும் முன்னது சுவையை நன்கு ஏந்தித் தொண்டையில் உறைப்பைத் தருகிறது, பிசுபிசுப்பான பின்னது அடர்ந்த ஆவியையும் இலேசான இனிப்பையும் தருகிறது. இவையிரண்டும் நீரில் கரைபவை என்பதே முக்கியம். எண்ணெய் அவ்வாறு கரையாது. அதன் நுண்துளிகள் நுரையீரலில் தங்கிக் கொழுப்பு நிமோனியாவை உண்டாக்கக்கூடும். 2019இல் அமெரிக்காவில் பரவிய கடும் நுரையீரல் பாதிப்புக்கு, கஞ்சா வேப் திரவங்களில் கலக்கப்பட்ட வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய்ப் பொருளோடு வலுவான தொடர்பு கண்டறியப்பட்டது. 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்திருந்தனர். வெண்ணெய் மணமூட்டும் டைஅசிட்டைல் உணவில் அனுமதிக்கப்பட்டதே ஆயினும், அதன் ஆவியைச் சுவாசித்த பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களின் மூச்சுச் சிறுகுழாய்கள் மீளாத் தழும்பேறின என்பதால், அதனையும் தவிர்த்துவிடுங்கள்.